கேசட்டில் போன அதட்டல்

உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே நாங்கள் நடவு நடும்போது, பட்டணத்துப் பாட்டு டீச்சர் ஒருத்தி வரப்பில் நின்று என் பாட்டைக் கேசட்டில் பதிந்தாள். "வெளிநாட்டுப் போட்டிக்கு நம்ம நாட்டு சார்பா நீதாம்மா போகப்போறே" என்றாள். நானும் நம்பி, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து அந்தப் போட்டியைப் பஞ்சாயத்து டிவியில் பார்த்தோம். இந்தியாவுக்காக என் பாட்டைப் பாடியது அந்த டீச்சரின் மகள். பதியும்போது பக்கத்தில் நட்டவளை நான் அதட்டியதும் கேசட்டில் விழுந்திருந்தது. அதையும் பாட்டென்று நினைத்து ராகம் போட்டு இழுத்தாள்: "நாத்துக் கட்ட வீசுடி, பேசிக்கினே கீறியே."

அரங்கமே கைதட்டியது. அன்று திட்டு வாங்கியவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைத் திட்டனதுகூட வெளிநாடு போயிடுச்சி. நீ இங்கியே கீற."