ஏழு நடக்குது

டிராவல் ஏஜென்சி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் வாயால் சொல்லும் வயதை அப்படியே பாரத்தில் எழுதாதீர்கள். நான் எழுதினேன். கென்யா வரைக்கும் போய் அவமானப்பட்டேன்.

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஏஜென்சியில் டிக்கெட்டும் நான்தான், டூர் லீடரும் நான்தான். கிள்ளானில் லோரி ஓட்டும் தொழில் வைத்திருந்த ராஜேந்திரன் குடும்பத்தோடு வந்தார். மனைவி, பத்து வயது மகன், கவிதா என்கிற மகள். ஸ்கூல் லீவுக்கு ஆப்பிரிக்கா.

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

"ஏழுண்ணே."

ஏழு என்று எழுதினேன். பாஸ்போர்ட் நகல் பைலிலேயே இருந்தது. திறந்து பார்க்கவில்லை. ஏழு வயது நிறையாத பிள்ளைகளை, மிருகம் பார்க்கப் போகும் திறந்த ஜீப்பில் ஏற்றமாட்டோம் என்று அங்கே நாங்கள் தங்க வேண்டிய முகாம் ஏற்கெனவே ஃபேக்ஸ் அனுப்பியிருந்தது. ஏழுதானே, கவலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

கவிதா மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக்கூட அழவில்லை. "சிங்கம் பார்க்கணும்ல" என்று தானே கையை நீட்டினாள். விமானத்திலும் சிங்கம்தான் பேச்சு.

முகாமில் மேனேஜரம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிள்ளைக்கு ஏழு நிறைய இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஜீப்பில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

நான் ராஜேந்திரனைப் பிடித்தேன். "ஏழுன்னு சொன்னீங்களே?"

"ஆறு முடிஞ்சி ஏழு நடக்குது லா. நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தானே சொல்வோம்?"

உண்மைதான். பஸ் டிக்கெட் எடுக்கும்போது வயதைக் குறைப்போம், மற்ற நேரத்தில் ஒன்று கூட்டுவோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அது தெரிந்தும் கேட்காமல் விட்டது என் தப்பு. அவர்மேல் கத்தினேன், ஆனால் கத்த வேண்டியது என்மேல்.

"நான் இருக்கிறேன் பாப்பாகூட" என்றார் பிள்ளையின் அம்மா. அவர் முகம் வாடிவிட்டது. காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்தவர் அவர். "நீங்க போங்கக்கா, நான் இருக்கிறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் ஜீப் கிளம்பியது. கவிதா செருப்பைப் போட்டுக்கொண்டு கூடாரப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரியாது. பிஸ்கட் கொடுத்தேன், வாங்கவில்லை.

"மன்னிச்சிரு பாப்பா. அங்கிள்தான் தப்பா எழுதிட்டேன்."

"ஏன் தப்பா எழுதினீங்க?"

"பார்க்காம எழுதினேன்."

"எங்க டீச்சர் அடிப்பாங்க."

அப்போது ஒரு காட்டுப்பன்றி வாலைக் கம்பி மாதிரி தூக்கிக்கொண்டு வந்து, முன்னங்கால்களை மடித்து முட்டி போட்டுப் புல் தின்றது. கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டாள்.

மதியம் அண்ணன் ஜீப்பிலிருந்து குதித்தான். "சிங்கம் பார்த்தோமே. தூங்கிக்கிட்டே இருந்துச்சு."

"எங்க பன்னி முட்டி போட்டுச்சு" என்றாள் இவள்.

மூன்று நாளும் நான் அவளோடுதான் இருந்தேன். பன்றியும் தினமும் வந்தது. சிங்கம் வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ, அது வேறு கதை. சிங்கத்தைப் பார்க்காமலேயே பிள்ளை சுபாங் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து பாஸ்போர்ட்டை மேசையில் விரித்து வைத்து, பிறந்த தேதியைப் பார்த்துத்தான் வயது எழுதினேன். எவர் கோபித்தாலும் சரி.

அடுத்த வருஷம் ராஜேந்திரன் மறுபடி கடைக்கு வந்தார். அவர் உட்காருவதற்குள் கவிதா தன் பாஸ்போர்ட்டை என் மேசையில் வைத்தாள்.

"எட்டுன்னு அப்பா சொல்வாரு அங்கிள். எழுதிறாதீங்க. ஏழுதான். முடிஞ்சிருச்சு."