கதவு மாட்ட வாங்கிய உளிகள்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம் நாங்கள் இரண்டு அறை வீடு கட்டிய வருஷம், ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. நிலை நிறுத்தி ஓடும் வேய்ந்தாயிற்று. இழைத்த கதவுகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. மாட்டத்தான் ஆள் இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்கள் பக்கத்துத் தச்சர்களை எல்லாம் வெடிக் கம்பெனிகள் மரப்பெட்டி அடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடும். யாரைக் கேட்டாலும் "சீசன் முடியட்டும்" என்ற பதில்தான்.

நான் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். உதவிக்கு வந்திருந்த மனைவியின் அண்ணன் காரியாபட்டியில் விவசாயம் பார்ப்பவர். "கீல் பதிக்கப் பள்ளம் எடுக்கணும், தாழ்ப்பாளுக்கு ஒரு துளை போடணும். அம்புட்டுத்தானே மாப்ளே, நாமளே செஞ்சிருவோம்" என்றார். இரண்டு பேரும் அதுவரை உளி பிடித்ததில்லை.

நான் விருதுநகர் பஜாரில் ஒரு உளி வாங்கி வந்தேன். வார்னிஷ் அடித்த பிடி, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. மச்சான் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, வழியில் ஒரு கொல்லுப்பட்டறையில் வாங்கிய உளியோடு வந்தார். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. கறுப்பாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருந்தது. எது நல்ல உளி என்று இரண்டு பேருக்கும் வழக்கு வந்துவிட்டது.

"பேசிக்கிட்டே இருந்தா எப்படி? வேப்பங்கட்டை அங்கன கெடக்கு. ரெண்டையும் போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

என் உளி முதலில் சுகமாக இறங்கியது. சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. ஆனால் ஒரு கீலுக்கான பள்ளம் முடிவதற்குள் முனை மழுங்கி மடிந்துவிட்டது. நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர்மை வரும். வந்த வேகத்தில் போய்விடும். மச்சானுடையதைத் தீட்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு தடவை கூர் ஏறிவிட்டால் நின்றது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கட்டையில் ஒரு கணு வந்தது. ஓங்கி ஒரு போடு போட்டார். உளியின் ஓரம் சில்லாகத் தெறித்தது.

"பல்லுப் போச்சு மாப்ளே" என்று உளியைக் கீழே வைத்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கே ஒரு தச்சர் வீடு. அவரும் வெடிக் கம்பெனியிலேயே தங்கிப் பெட்டி அடிக்கப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். திரும்பி வந்தவள் கையில் துணி சுற்றிய உளி ஒன்று இருந்தது.

"தச்சரு அவுக உளியை யாரையும் தொட விடமாட்டாகளாம். 'வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீங்க கதவை மாட்டுங்க மதினி'ன்னு அவுக சம்சாரம் எடுத்துக் குடுத்துட்டாக" என்றாள்.

தேய்ந்து தேய்ந்து பாதியாகிப்போன உளி. அதன் முதுகை, அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கத்தை, பலகைமேல் படுக்க வைத்தால் நடுவில் இடைவெளியே தெரியவில்லை. வேப்பங்கட்டையில் எங்கள் இரண்டு உளிகளும் போட்ட கோட்டைவிட்டு ஏன் விலகி விலகி ஓடின என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டுக்கும் முதுகு வளைந்திருந்தது. புதிதாக உளி வாங்கப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்வது அதைத்தான். பளபளப்பைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கூர் சீக்கிரம் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், பழகுகிற கைக்கு அது போதும். தெறித்த இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கீல்களைப் பதித்துக் கதவுகளையும் நிறுத்திவிட்டோம். தாழ்ப்பாள் துளை மட்டும் பாக்கி இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தச்சர் நேரே எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் எழுந்து நின்றேன். உளியை வாங்கி, முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்லுல தீட்டுனீகளா?"

"இல்லை. உங்க உளியைக் கல்லுல வைக்கப் பயமா இருந்துச்சு."

"அந்த மட்டுக்கும் நல்லது" என்றவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "கீல் கொஞ்சம் ஆழமா எறங்கிருச்சு. அடியில அட்டை வச்சா சரியாயிரும்."

உளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் போட்டார். "அவ குடுத்துட்டா, நான் பாதியில புடுங்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லியபடி தாழ்ப்பாள் துளையைப் போட உட்கார்ந்துவிட்டார். வாரம் முழுக்க உளி பிடித்த மனிதருக்கு ஓய்வு என்று இருந்தது அந்த ஒரு நாள்தான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். வீட்டில் சமைத்து வைத்திருப்பார்கள் என்று சொல்லி மோர் மட்டும் குடித்தார்.

பால் காய்ச்சிய அன்று அவரால் வர முடியவில்லை, கம்பெனியில் அவசர ஆர்டர். அவர் மனைவி விடியும் முன்பே வந்துவிட்டார். என் மனைவி அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய், அடுப்பை அவரையே பற்றவைக்கச் சொன்னாள். பால் பொங்கியதும் முதல் டம்ளரை அவருக்குத்தான் கொடுத்தோம்.