நூர்தீனின் உளிகளுக்கு நான் போட்ட பிடி

1. நிலத்தில் வைத்த பெட்டி

நூர்தீன் பெட்டியோடு வந்த காலையில் நான் ஒரு யன்னல் சட்டத்துக்குத் துளை கொத்திக்கொண்டிருந்தேன். மன்னார் உப்புக்குளத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பட்டறை. அவன் கொண்டச்சிக்காரன், நான் இந்த ஊரான். எனக்கு வாய் நீளம், அவனுக்குப் பொறுமை நீளம். அதனால்தான் அத்தனை வருடம் ஒரு கூரைக்குக் கீழே இருக்க முடிந்தது.

முஸ்லிம் சனம் எல்லாம் வெளியேற வேண்டும் என்று இயக்கக்காரர் அறிவித்துவிட்டார்கள். கையில் எடுத்துப்போகக்கூடியது கொஞ்சம்தான். தச்சுப் பெட்டி அந்தக் கொஞ்சத்துக்குள் அடங்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூரான சாமானை ஆளின் கையில் கொடுக்கமாட்டோம். பலகையில் வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை மாறினால் இருவருக்கும் பகை வரும் என்பார்கள். ஒரே பட்டறையில் நாள் முழுக்க உளி மாற்றி வேலை செய்த நாங்களும் அதை ஒருநாளும் மீறவில்லை. அந்த அந்தரத்திலும் அவசரத்திலும் நூர்தீன் பெட்டியை நிலத்தில் வைத்தான், நான் குனிந்து எடுத்தேன்.

"பூட்டி வைக்காதை மச்சான், எடுத்துப் பாவி. பாவிக்காத இரும்பு செத்துப்போகும். இரவல் மட்டும் ஆருக்கும் குடுத்திடாதை" என்றான்.

நீ வந்து எடுக்கிற அன்றைக்கு வேலை தொடங்கலாம், அப்படி வைத்திருப்பேன் என்று சொன்னேன். சொல்லும்போது லேசாகத்தான் இருந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். வெயிலில் மணல் அலை அடிப்பதுபோலத் தெரிந்தது. அவன் அதற்குள் நடந்து போய்க்கொண்டே இருந்தான்.

2. உப்புக்காற்று

மன்னாரில் இரும்பை வைத்திருப்பது குழந்தை வளர்ப்பதுபோல. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். வாடைக்காற்று ஒருபுறம், சோளகக்காற்று மறுபுறம், இரண்டும் உப்பைத்தான் கொண்டுவரும். ஆகவே தொழில் பழகுகிற பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் உளியை உலர்ந்த துணியால் துடை. பிறகு எண்ணெய்த் துணியால் துடை. மரத்தூளுக்குள் போட்டு வைக்காதே, தூள் ஈரத்தை இழுக்கும். பெட்டி மூலையில் ஒரு துண்டு கற்பூரம் வை. துரு பிடித்துவிட்டால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய், அழுதுகொண்டிராதே.

வாங்கும்போது மினுக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் நல்ல உளி மணிபோலப் பேசும், கெட்டது இருமும். கூர் பார்க்க நாங்கள் முழங்கைக்குக் கீழே மயிரை வழித்துப் பார்ப்போம். எனக்கு இடது கை மொட்டை. நூர்தீன் இடக்கைக்காரன். சுத்தியலை இடது கையில் பிடிப்பான், உளியை வலது கையில். கூர் பார்க்கும்போது மட்டும் உளி இடது கைக்கு மாறும், அதனால் அவனுக்கு வலது கை மொட்டை. பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்தால் கண்ணாடி பார்ப்பதுபோல இருக்கும்.

அவன் போன பிறகு கண்ணாடியில் ஆள் இல்லை. அவன் உளிகளைத் தீட்டும்போது மட்டும் அந்தப் பக்கம் யாரோ இருப்பதாகத் தோன்றும். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, அவ்வளவு பழக்கம்.

3. இரும்பை மட்டும் எடுத்தது

சில வருடம் கழித்து எங்கள் முறை வந்தது. ஷெல்லடி பொறுக்காமல் நானும் மனைவி திரேசாவும் இந்தியாவுக்குப் படகேறினோம். விடிகிற நேரம், கடல் பால்போலக் கிடந்தது. பெட்டி ஏற்றமாட்டேன் என்று படகுக்காரர் முதலே சொல்லியிருந்தார்.

அதனால் புறப்படமுன் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தேன். தச்சனுடைய சாமானில் பாதி மரம். மரம் எந்த ஊரிலும் முளைக்கும், நல்ல உருக்கு முளைக்காது. ஆகவே நூர்தீனின் உளிகளில் பிடியைத் தட்டிக் கழற்றினேன், சீவுளியில் அலகை மட்டும் உருவினேன், வாய்ச்சியில் காம்பை அடித்து எடுத்தேன். எல்லா இரும்பையும் எண்ணெய்த் துணியில் சுற்ற, திரேசா அதைச் சாக்கில் வைத்துத் தைத்தாள். என்னுடைய பெட்டி அங்கேயே கிடந்தது. அதற்கு நான் ஒருவன் அழுதால் போதும். அவனுடையதுக்கு நான் வாக்குச் சொல்லியிருந்தேன்.

படகுக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணை, சனம் நகை கொண்டுபோகுது, நீங்கள் இரும்பு கொண்டு போறியள்?"

கடலில் தாழ்ந்தால் நானும் இரும்பும் சேர்ந்தே தாழுவோம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. திரேசாவுக்கு வந்தது, அன்றைய நாளில் அது ஒன்றுதான் நல்லது.

4. கனவில் வந்த கை

மண்டபம் அகதி முகாமில் பூவரசங் கொப்பு கிடைத்தது. நிழலில் காயவைத்தேன். பச்சை மரத்தில் பிடி போடாதீர்கள், காய்ந்ததும் ஆடும். எப்படிச் செதுக்குவது என்றுதான் குழப்பம். நூர்தீனுடைய பழைய பிடிகளில் அவன் பெருவிரல் அழுந்துகிற இடத்தில் தட்டையாகச் சீவிய ஒரு பட்டை இருக்கும். அது எந்த உயரத்தில் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் கண்ணயர்ந்தபோது அவன் கை கனவில் வந்தது. முகம் வரவில்லை, கை மட்டும். கடல் வெளிச்சம்போல ஏதோ ஒன்று பின்னால் அசைந்துகொண்டிருக்க, அந்தக் கை உளியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெருவிரல் எங்கே இருந்தது என்று பார்த்தேன். விழித்ததும் செதுக்கினேன்.

அந்த உளிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. முகாமில் கதவு, பலகை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காருகிற வாங்கு எல்லாம் அவற்றால்தான் செய்தேன். அவன் வலது கைக்கு வைத்த பட்டை என் இடது கையில் இடம்மாறிக் குத்தும். உள்ளங்கை கொப்பளித்தது. திரேசா பொறுக்கமாட்டாமல், "உங்கட கைக்கு அளவாச் செய்தால் என்ன, அவர் வந்து கோவிக்கப் போறாரோ?" என்று கேட்டாள். வேலை தொடங்கலாம் என்கிற மாதிரி வைத்திருப்பேன் என்றுதானே சொன்னேன், என்றேன். விசர் மனிசன் என்றாள். பிழையில்லை. கொப்பளம் காய்ந்து தழும்பானது, தழும்பு அந்தப் பட்டையில் போய்ப் படுத்துக்கொண்டது.

5. கொண்டச்சி

சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தோம். நூர்தீன் இவ்வளவு காலமும் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து கொண்டச்சிக்கு வந்து வீடு கட்டுகிறான் என்று கேள்விப்பட்டதும் சாக்கோடு பஸ் ஏறினேன். வழி முழுக்க மடியில் வைத்திருந்தேன். பற்றையும் வெளியும் யன்னலில் ஓட, நான் எந்த வயதில் இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

சுவர் எழும்பியிருந்தது. வாசல் நிலைக்கு வெட்டிய பாலை மரம் சும்மா கிடந்தது. அவன் தலை முழுக்க வெள்ளை. கட்டிப்பிடித்தோம், அழுதோம், அதை எழுத எனக்குத் தெரியாது. பிறகு சாக்கை மரத்தின்மேல் வைத்துப் பிரித்தேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கூர் பார்த்தான். வலது கையில் ஒரு இடம் மொட்டையானது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

உளியை நிலையில் வைத்து ஓங்கினான். உளி சரிந்தது. மறுபடியும் வைத்தான், மறுபடியும் சரிந்தது. அப்போதுதான் அவன் விரல்களைப் பார்த்தேன். புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்து மூட்டெல்லாம் வீங்கி, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கனவில் வந்தது இளம் கை. அதற்குச் செய்த மெல்லிய பிடி இந்தக் கைக்குள் நிற்கவில்லை.

"இரும்பு என்ரைதான் மச்சான். கைதான் என்ரை இல்லை. இனி எனக்கு ஏலாது, நீயே வைச்சிரு" என்றான்.

இத்தனை காலம் காப்பாற்றிக் கொண்டுவந்து என்ன பயன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். சுத்தியலை எடுத்து நான் போட்ட பிடியைத் தட்டிக் கழற்றி எறிந்தேன். அவன் பதறிப்போனான். கையை நீட்டடா என்றேன். ஒரு கட்டையில் பழைய சாரத்துணியைச் சுற்றிச் சுற்றி அவன் பிடிக்கக் கொடுத்தேன். நோகாமல் விரல் பொருந்துகிற வரை சுற்றினேன். அந்தத் தடிப்புக்கு ஒரு காய்ந்த பூவரசங் கட்டையைச் செதுக்கி, பெருவிரல் இப்போது எங்கே விழுகிறதோ அங்கே பட்டை வைத்து, உளியில் ஏற்றினேன்.

இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தேன். இரும்பைக் காப்பாற்றுங்கள். பிடியைக் காப்பாற்றாதீர்கள். பிடி இன்றைக்கு இருக்கிற கைக்கு உரியது. இது தெரிய எனக்கு இவ்வளவு காலமும் ஒரு கடலும் வேண்டியிருந்தது.

அவன் அடித்தான். பாலை மரம் சிலும்பு சிலும்பாக எழும்பியது. துளை பாதி இறங்கியதும் மூச்சு வாங்க நிறுத்தினான். உளியை மரத்தில் வைக்கவில்லை. பிடிப் பக்கத்தைத் திருப்பி என் கையை நோக்கி நீட்டினான்.

"கீழ வையடா" என்றேன்.

"பிடி மச்சான். இனி எங்களுக்குள்ள என்ன பகை வரக் கிடக்கு?"

பிடித்தேன். தடித்த பிடி, என் கைக்குப் பொருந்தவேயில்லை. மீதித் துளையை அதனாலேயே கொத்தி முடித்தேன்.