மடியில் அழாத பிள்ளை

குறுவை அறுத்த புது நெல்லைத் தாம்பாளத்தில் பரப்பியதுமே மெல்லிய சுணை கிளம்பும். அதில் விரலை வைத்து இழுத்தால் நகக்கண்ணெல்லாம் அரித்து, பொழுது சாயும்வரை சொறிந்துகொண்டே இருக்கத் தோன்றும். விஜயதசமி என்றால் மற்றவர்களுக்குச் சுண்டலும் புதுச்சட்டையும் நினைவுக்கு வரலாம். எனக்கு அந்த அரிப்புதான்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், சாலையோரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவள் நான். அம்மா இறந்த பிறகு அப்பா என்னை அங்கே விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். வீட்டுக்கு ஒருவர் அப்படி விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களில் வசதி வந்த சிலர், லீவில் ஊருக்கு வரும்போது, ஆதரவில்லாத பிள்ளை ஒன்றை மடியில் வைத்து நெல்லில் முதல் எழுத்து எழுதவைத்தால் புண்ணியம் என்று எங்கள் இல்லத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "ஃபாரின் மடி".

அந்நியர் மடியில் உட்கார்த்தியதும் மற்ற பிள்ளைகள் வீரிட்டு அழும், நான் அழமாட்டேன். வயதுக்கு வளராத சிறுகூடான உடம்பு வேறு. ஆகவே ஒவ்வொரு விஜயதசமிக்கும் "முதல் எழுத்து" எழுதும் பாக்கியம் எனக்கே வாய்த்தது. விரலை விறைப்பாக வைத்துக்கொள்ளாமல் அவர்கள் இழுக்கிற பக்கம் விட்டுவிட வேண்டும் என்று இல்லத்தை நடத்திய பெரியம்மா முந்தின நாளே பழக்கிவிடுவார்.

உண்மையில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் செல்வி அக்கா. எங்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மிச்சப் பொழுதில் "குட்டி வகுப்பு" நடத்தியவர். சாயங்காலம் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்று, கடந்துபோகும் பஸ்களின் போர்டைக் காட்டிக் காட்டி வாசிக்கப் பழக்கினார். அந்தக் கேட்டைத் தாண்டி வாய்க்கால் பாலத்துக்கு அப்பாலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போக, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் குட்டி வகுப்பிலேயே கிடந்தேன்.

"பஸ் போர்டை நீயே வாசிச்சுக் காட்டு. உன்னை ஒண்ணாப்புல சேக்கச் சொல்லிப் பெரியம்மாகிட்ட நான் பேசுறேன்" என்றார் அக்கா.

ஒருநாள் "கும்பகோணம்" என்று தடுக்காமல் வாசித்தேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார். ஆனால் பெரியம்மாவிடம் பேசவில்லை. விஜயதசமி முடியட்டும் என்றார்.

அந்த விஜயதசமிக்கு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அத்தர் மணக்க என்னை மடியில் இருத்தி, என் விரலைப் பிடித்து நெல்லில் ஒரு 'அ' போட்டார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. விரலை உருவிக்கொண்டு, அதற்குக் கீழே "வாசுகி" என்று என் பெயரை நானே எழுதினேன்.

வந்தவர் செல்வி அக்காவைப் பார்த்து, இந்தப் பிள்ளை இதற்கு முன் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இனி அக்கா சொல்லிவிடுவார், நாளைக்கே கேட்டைத் திறந்துவிடுவார்கள் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பெரியம்மாவை ஒரு தரம் பார்த்தார்.

"இல்லைங்க. இன்னிக்குத்தான் முதல்ல எழுதுது. எல்லாம் உங்க கைராசிங்க."

அவர் பூரித்துப்போனார். அடுத்த லீவுக்கு வந்து என்னைத் தன் கையாலேயே பள்ளியில் சேர்ப்பதாகவும், அதுவரை வேறு யாரும் சேர்க்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா அப்படியே காத்திருந்தார். அவர் வரவேயில்லை. பால்பல் விழுந்து முன்பல் முளைத்த பிறகே நான் ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். அங்கே எல்லாரும் 'அ' எழுதிக்கொண்டிருந்தார்கள், நானும் எழுதினேன்.

இப்போது அந்த இல்லம் இல்லை. கேட் இருந்த இடத்தில் ஓர் உணவகத்துக்காரர் கார் நிறுத்தத் தளம் போட்டிருக்கிறார். கூலிக்கு இருந்த அக்காவால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று என் கணவர் கேட்பார். அது எனக்கும் புரியாமல் இல்லை. நீடாமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கும் அக்கா, கண் மங்குவதற்குள் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகும்படி இரண்டு பேரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அதே பொய்யை வேறு யார் சொல்லியிருந்தாலும் இத்தனை நாளில் மறந்திருப்பேன். சொன்னவர் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். நான் இன்னும் போகவில்லை.