யாரும் குந்தாத இருக்கை

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு முஸ்பிறா ராத்தாவுடையது. எங்கள் ஊர்ப்பக்கம் மகளுக்கு வீடு கட்டி வைத்தால்தான் மாப்பிள்ளை வருவான். அவருடைய வாப்பா இருபது வருடம் சவூதியில் வாகனம் ஓட்டி இரண்டு தட்டு மாடி வீடு கட்டினார். வீடு முடிந்தது. மாப்பிள்ளை நிக்காஹ்வுக்கு ஒரு மாதம் இருக்க வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வீட்டில் மூன்று தட்டாம். பிறகு வாப்பா நோயில் விழுந்து மௌத்தானார். இளைய மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று நிந்தவூருக்குப் போன உம்மா, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. முப்பத்திரண்டு வயதில் ராத்தா ஆறு அறைக்கு ஒரே ஆள்.

மொறட்டுவையில் பொருட்களை வடிவமைக்கப் படித்தவர். வேலை லெப்டொப்பில். முகம் தெரியாத வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு பிஸ்கட் பெட்டி வரைகிறார். பகல் முழுக்க இங்கிலீஷில் பேசுவார். பகலில் தமிழில் பேசுவது மீன்காரரோடு மட்டும், அதுவும் இரண்டே சொல்: ‘எவ்வளவு’, ‘வேணாம்’. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பது நான். ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை பெயிலான ஒருத்திக்குப் பகலில் நிறைய நேரம் கிடைக்கும்.

பெட்டி வரைந்து முடிந்தால் ராத்தா தன் பாட்டுக்கு ஏதாவது செய்வார். ஒருமுறை தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் காகம் மாதிரிக் கத்தும் கருவி ஒன்று செய்தார். மணிச் சத்தம் என்றால் ஆட்கள் கேற்றுக்கு ஓடுவார்கள், காகம் என்றால் குழப்பம் இல்லை என்று நினைத்திருக்கிறார். தாங்கி நிரம்பியது, கருவி கத்தியது, ஊரில் உள்ள காகமெல்லாம் செத்த காகத்தின் ஜனாஸாவுக்கு வந்ததுபோல் அவர் வீட்டுக் கூரையில் இறங்கின. ராத்தா கீழே நின்று எண்ணிக் கொப்பியில் எழுதினார். இன்னொருமுறை மருதமுனைத் தறிகளில் வெட்டி எறியும் நூல் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து ஒரு சுவர் அளவுக்குக் கடல் பின்னினார். மின்விசிறி சுழன்றால் அலை அசையும். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். நானும் மின்மானி பார்க்க வந்தவரும். தூசு பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்த நாட்களில் அவர் கேற்றில் ‘இங்கு காகங்களுக்கு டியூஷன் வகுப்பு நடைபெறும்’ என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அதை அவர் கிழிக்கவில்லை. எழுத்துக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்று பென்சிலால் கோடு போட்டுத் திருத்தி விட்டிருந்தார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு பயம். மரியாதை என்றும் சொல்லலாம், யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

போன நோன்புக்கு முந்தித்தான் இருக்கை வேலை தொடங்கியது. முழங்கால் வலி உள்ள பெண்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் தொழுவார்கள். கதிரை என்றால் வரிசையின் ஓரத்துக்குப் போக வேண்டும். பக்கத்தில் தரையில் இருப்பவரின் தலை இவர்களுடைய தோளுக்கும் எட்டாது. தோளோடு தோள் சேராது. ராத்தா செய்தது ஒரு சாண் உயர இருக்கை. முன்பக்கம் கொஞ்சம் சரிவு. அதில் குந்தினால் வலிக்காரரும் வரிசைக்குள் ஒருவராக இருக்கலாம். சொறிக்கல்முனைத் தச்சர் கிருஷாந்தனைக் கொண்டு முதிரைப் பலகையில் மூன்று செய்வித்து, மருதமுனைக் கைத்தறித் துணியால் மெத்தை போட்டார். கல்யாண வீட்டில் வைக்கலாம், அப்படி ஒரு வடிவு. ஒழுங்கையில் மூன்று வீட்டுக்குக் கொடுத்து, ஒரு வாரம் பாவித்துவிட்டுக் குறை சொல்லுங்கள் என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து முதல் வீட்டுக்குப் போனார். ஆயிஷா உம்மாவின் வீடு. நானும் உப்பு வாங்கும் சாக்கில் பின்னால் போனேன். இருக்கை நடு அறையில் இருந்தது. அதன் மேல் வெல்வெட் துணி, துணியின் மேல் குர்ஆன். ஆயிஷா உம்மா பக்கத்தில் பழைய கதிரையில் இருந்தார்.

“இவ்வளவு வடிவான சாமான்ல என்ட பின்பக்கத்த வைக்கிறதா மகள்? வெக்கமா இரிக்கி. ஓதுற குர்ஆன வெச்சிட்டன்.”

ஒருமுறை குர்ஆன் வைத்த இடத்தில் எங்கள் ஊரில் யாராவது குந்துவார்களா? எடுத்துவிட்டுக் குந்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ராத்தா சிரித்துவிட்டு வெளியே வந்தார். ஆயிஷா உம்மா செய்ததைக் கேள்விப்பட்டு மற்ற இரண்டு வீட்டிலும் அப்படியே செய்திருந்தார்கள். மூன்று வீட்டாரும் நல்லா இருக்க வேண்டும் என்று ராத்தாவுக்குத் துஆச் செய்தார்கள். அவருடைய கொப்பியில் இருபது கேள்வி இருந்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா தன் உம்மாவோடு ஃபோனில் கதைத்தது கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. மதில் உயரம் குறைவு, நான் என்ன செய்ய.

“இல்ல உம்மா, இந்த நோன்போட விடுறன். இனி பெட்டி மட்டும்தான். ஒரு ஆளாவது குந்திப் பாத்துச் சொன்னாத்தானே அடுத்தத செய்யலாம். எனக்குத் தெரிஞ்ச முழங்கால் உங்கடது மட்டும்தான். அதுவும் நிந்தவூர்ல இரிக்கி.”

அந்தப் பக்கம் உம்மா ஏதோ சொல்லியிருப்பார். ராத்தா இரண்டு முறை ‘ஓம், சரி’ என்றார். பிறகு கருவிகளைச் சாக்கில் போடும் சத்தம்.

அவர் வீட்டு வளவின் மூலையில் ஒரு குப்பைக் குவியல் உண்டு. நல்லதைச் செய்வதற்கு முந்தி உடைந்த கதிரைகளை வெட்டித்தான் அளவு பார்ப்பார். இந்த இருக்கைக்கும் அப்படி ஒரு மாதிரி அங்கே கிடந்தது. முதுகு போன சிவப்புக் கதிரை, கால் நான்கும் வாளால் அறுத்தது, மேலே பழைய புத்தகப் பையின் ஸ்பொஞ்சு, சுற்றிவரக் கறுப்பு டேப், உடம்பெல்லாம் மார்க்கரில் இலக்கம். பார்த்தால் நாய்கூடப் படுக்காது, குர்ஆன் வைக்க யாருக்கும் மனம் வராது. ஐந்தாம் நோன்பன்று மதிலேறிக் குதித்து அதைத் தூக்கினேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஆதம்பாவா ஹாஜியார் வீட்டு முன்மண்டபத்தில் மதியம் லுஹர் தொழுது, அப்படியே இருந்து ஒரு மணித்தியாலம் குர்ஆன் ஓதுவார்கள். நான் நேரத்தோடு போய் அந்தச் சனியனை மண்டபத்தின் நடுவில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் பாய் விரித்தேன். பாத்தும்மா மாமி வந்தார். ஒழுங்கையிலேயே பெரிய முழங்கால் அவருடையதுதான், வாயும் அப்படியே. காலால் அதைத் தள்ளிப் பார்த்தார், யாருடைய குப்பை என்று கேட்டார், பதில் வருமுன் குந்திவிட்டார்.

ராத்தா கடைசி வரிசையில் சுவரோடு இருந்தார். இருக்கையைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். அதற்குள் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்கள்.

மாமி நடு வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே தோள் ஒட்டித் தொழுதார். தொழுகை முடிந்தும் எழும்பவில்லை. ஓதி முடிந்தும் எழும்பவில்லை. கடைசியில் எழும்பி, இடுப்பில் கை வைத்து மண்டபத்துக்கே சொன்னார்.

“இந்தக் கதிரய அறுத்தவன் குருடனா? வலப்பக்கம் தள்ளுது. எழும்பக்குள்ள புடிக்கிறத்துக்கு ஒண்டுமில்ல. ஸ்பொஞ்சு நடுவுல ஒரு கல்லுப் போல குத்துது.” முழங்காலைத் தடவிப் பார்த்து, “ஆனா கால் மரத்துப் போகல்ல” என்றார்.

பிறகு ஆளாளுக்குக் குந்திப் பார்த்தார்கள். ஆயிஷா உம்மாவும் குந்தினார். ஒருத்தி உயரம் போதாது என்றாள், இன்னொருத்தி கூடிவிட்டது என்றாள். சண்டை வரும்போல் இருந்தது. நோன்போடு திட்டக்கூடாது என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

ராத்தா அழுவார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் இருந்த பிள்ளையின் பேனையை வாங்கித் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார். கை முடிந்து மணிக்கட்டுக்குப் போய்விட்டார். நான் போய், இதைச் செய்தது யார் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வாயத் திறந்தாப் பாரு” என்றார், தலை நிமிராமல். “நான் எண்டு தெரிஞ்சா நல்லம் நல்லம் எண்டு சொல்லிருவாங்க. பிறகு குறை எங்கால வாற?”

அதன் பிறகு நோன்பு முடியும் வரைக்கும் அந்த அசிங்கம் மண்டபத்திலேயே இருந்தது. சில நாட்களில் அது கொஞ்சம் மாறியிருக்கும். ஒருநாள் வலப்பக்கம் தள்ளவில்லை. ஒருநாள் பக்கத்தில் பிடி முளைத்திருந்தது. யார் திருத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை, மாமி மட்டும் ஹாஜியாரின் வேலை என்று முடிவெடுத்து அவருக்குத் துஆச் செய்தார். ராத்தா கடைசி வரிசையில் சுவரோடு இருந்து ஆமீன் சொன்னார். தொழுகை முடிந்து எல்லோரும் கூட்டமாகப் போவார்கள். அவர் செருப்புத் தேடுவதுபோல் நின்று, கைப்பையில் கருவிகளோடு கடைசியாகத் தனியே போவார்.

இருபத்தேழாம் நோன்பன்று மாமி, இதைப்போல் இன்னும் மூன்று நான்கு வேண்டும் என்று ஹாஜியாரின் மனைவியிடம் கேட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராத்தா குர்ஆனில் பக்கத்தைப் புரட்டினார்.

அன்று அஸருக்குப் பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் வாள் அறுக்கும் சத்தம் கேட்டது. குவியலில் ஒன்றுக்கு மேல் கதிரை மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பச்சைக் கதிரையைப் பின்னால் கொண்டுபோய்க் கல்லால் அடித்து முதுகை உடைத்து மதிலுக்கு மேலால் போட்டேன். வாள் நின்றது. கதிரையைப் புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“காலும் ஒண்டு வெடிச்சிரிக்கி” என்றார் ராத்தா, அந்தப் பக்கமிருந்து. “அடுத்த முறை முதுக மட்டும் உடை.”