வெஸ்ட்லியில் மூன்று பதக்கங்கள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓஸ்லோ மத்திய நிலையத்துக்கு அடியில் ஐந்தாம் எண் மெட்ரோவில் ஏறினேன். வெஸ்ட்லி கடைசி நிறுத்தம், ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். ஒரு சீட்டின் விலையில் எங்கள் திருச்சியில் இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிடலாம். ஓஸ்லோவுக்கு வருகிறவர்கள் கப்பல்களையும் ஓவியங்களையும் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போனது விக்டோரியா மகாராணி காலத்து ராணுவ மருத்துவர் ஒருவரின் பதக்கங்களை. பழைய பதக்கம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். என் மனைவி இந்த வியாதிக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

பதக்கம் பற்றி நான் இணையத்தில் எழுதுவதைப் படித்துவிட்டு, இவற்றின் படத்தை அனுப்பியது அனிற்றா. நார்வேயில் பிறந்த, இலங்கை மன்னார்த் தமிழ்ப் பெண், மருத்துவர். நான் ஓஸ்லோ வருவது தெரிந்ததும், “வீட்டை வந்து, அப்பாவுக்கு முன்னால வைச்சுப் பார்த்துச் சொல்லுவீங்களோ?” என்று கேட்டிருந்தாள். ஏன் அப்பாவுக்கு முன்னால் என்பது எனக்குப் புரியவில்லை.

அதற்கு முந்தின நிறுத்தமான ஸ்டோவ்னரில் பாதிப் பெட்டி கடைத்தெருவுக்கு இறங்கிப் போனது. வெஸ்ட்லியில் அனிற்றா காத்திருந்தாள். அடுக்குமாடிகளுக்கு நடுவே நடக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

“நான் நோர்வே ஆமியில டொக்டராச் சேர்ந்திட்டன். திங்கள் வெளிநாட்டுக்குப் போறன், ஆறு மாதம். அப்பா மூண்டு கிழமையா என்னோடை கதைக்கிறேல்லை.”

“ராணுவத்தில் சேர்ந்ததற்கா? சரி, பதக்கம் எங்கே கிடைத்தது?”

“லொப்பெமார்க்கெட்டில. பள்ளிக்கூட முற்றத்தில பழைய சாமான் விப்பினம். டொக்டர்மாரும் ஆமியோடை போறவை எண்டு அப்பாவுக்குக் காட்டத்தான் வாங்கினனான். காட்டினதோடை இன்னும் மோசமாப் போச்சு.”

எட்டாவது மாடி. அவளுடைய அப்பா மரியநாயகம், பேருந்து ஓட்டுநர், “வாங்கோ தம்பி” என்று கை கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா றீற்றா மட்டன் ரோல்ஸும் தேநீரும் வைத்தார். கூடவே ஒரு தட்டில் பதக்கங்களும் வந்தன, கல்யாண வெள்ளி மாதிரி பளபளவென்று.

“கறுத்துக் கிடந்தது. பற்பசை போட்டு மினுக்கி வைச்சிருக்கிறன்” என்றார் பெருமையாக.

பழைய வெள்ளியின் கறுப்பைத் தொடுவது பதக்கம் சேர்க்கும் எங்கள் வட்டாரத்தில் பெரும் பாவம். சொல்ல வந்ததை ரோல்ஸோடு சேர்த்து விழுங்கினேன்.

அந்தக் காலத்துப் பதக்கங்களில் விளிம்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். அங்கேதான் பதவியையும் பெயரையும் செதுக்குவார்கள். பெயர் பாதி தேய்ந்திருந்தது, பதவி தெளிவாக இருந்தது. ஆப்கான் போர்ப் பதக்கத்தில் ‘சர்ஜன்’, எகிப்துப் பதக்கத்தில் ‘சர்ஜன் மேஜர்’. நடுவில் மனிதர் பதவி உயர்ந்திருக்கிறார். மூன்றாவது, எகிப்தின் ஆட்சியாளர் தந்த வெண்கல நட்சத்திரம். அதில் பெயர் இல்லை.

உற்சாகம் தலைக்கேறிவிட்டது. “ஆப்கானில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள்தான் அதிகம். டாக்டர்களும் தப்பவில்லை” என்று அளந்துவிட்டேன்.

அனிற்றா என்னை முறைத்தாள். தொலைக்காட்சியின் சத்தம் நின்றது. மரியநாயகம் எழுந்து வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

“இவர் திரும்பி வீட்டை வந்தவரோ?”

“அது தெரியாது, சார்.”

“சார் எண்டு சொல்லாதேங்கோ. எங்கடை ஊரில சண்டைக்கெண்டு உடுப்புப் போட்டு வெளிக்கிட்டதுகளில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் திரும்பி வரேல்லை. அதுதான் கேக்கிறன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குப் போரும் வேண்டாம், பதவியும் வேண்டாம். கேட்டது அந்த ஒன்றைத்தான். எகிப்துப் பதக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். மகாராணியின் கன்னத்தில் பொடிப்பொடியாகக் குழிகள். பற்பசை அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

“அண்ணே, இங்கே பாருங்க. இந்த நட்சத்திரம் பக்கத்தில் தொங்கும். நடக்கும்போதெல்லாம் இதன் முனை வெள்ளியில் குத்தும். அவருக்குக் கடைசியாகக் கிடைத்தது இந்த நட்சத்திரம்தான். ஒன்றிரண்டு நாளில் விழுகிற குழி இல்லை இது. போரெல்லாம் முடிந்த பிறகு பல வருஷம் சட்டையில் போட்டிருக்கிறார்.”

அவர் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“அதை அவரின்ரை பேரப்பிள்ளையும் போட்டிருக்கலாம், அப்பா” என்றாள் அனிற்றா. மேசைக்கு அடியில் அவள் காலை மிதிக்கலாமா என்றிருந்தது எனக்கு.

“பேரப்பிள்ளை பிறந்ததெண்டா மனுசன் வீட்டை வந்துதானே இருக்கோணும்!”

இந்த வாதத்தில் இருந்த ஓட்டையில் ஒரு பேருந்தே போகும். நான் இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். “திங்கள் எத்தினை மணிக்குப் போகோணும்?”

“காலமை ஐஞ்சு மணிக்கு. பஸ் இருக்கு.”

“பஸ் வேண்டாம். நான் கொண்டுபோய் விடுறன்.” பதக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: “உனக்கும் இப்பிடி ஒண்டு குடுப்பினமோ?”

“ஓம். முடிச்சு வந்தாக் குடுப்பினம்.”

“வந்து போடோணும். தேயுமட்டும் போடோணும்.”

றீற்றா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் ரயிலில் ஏறினேன். வழியெல்லாம் என் வீட்டு அலமாரி நினைவிலேயே இருந்தது. கீறல் விழாத பதக்கத்துக்குத்தான் எங்களிடம் மதிப்பு. அப்படி ஏழெட்டைத் தேடித்தேடிச் சேர்த்து, பட்டுத் துணியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அவற்றை ஏன் உரியவர்கள் ஒருவரும் போடவில்லை என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.