வரப்போடு நின்றவர்

என் மச்சான் காளைக்கு எழுபத்தெட்டு வயது. சர்க்கரை வந்து முப்பத்தாறு வருடமாகிறது. கண், கிட்னி, கால் எதற்கும் சேதாரமில்லை. புதிதாகச் சர்க்கரை வந்து பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களிடம் மதுரை டாக்டர் இவரைத்தான் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோழவந்தானில் அவருக்கு ஐம்பது சென்ட் வெற்றிலைக் கொடிக்கால். சாமி குடியிருக்கும் இடம் என்று அதற்குள் யாரும் செருப்புக் காலோடு நுழைவதில்லை. டாக்டரோ, வெறுங்காலோடு மண்ணை மிதிக்கவே கூடாது என்றுவிட்டார். மச்சானின் அண்ணனுக்கு முள் குத்திய புண் ஆறாமல் காலை முழங்காலோடு எடுத்த வருடம் அது. மனிதர் ஆடிப்போனார்.

"நீங்க வரப்புலயே இருங்க. உள்ள நான் பாத்துக்கிறேன்" என்றாள் என் அக்கா ஒச்சாயி.

அன்றிலிருந்து கொடி கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது, வெற்றிலை கிள்ளுவது எல்லாம் அவள்தான். வீட்டிலும் சோற்றை அளந்து வைப்பாள், ஊசி போடுவாள், படுக்கும் முன் அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தனக்கென்று ஒரு டெஸ்ட் எடுத்தவளில்லை. கேட்டால், "எனக்கென்ன கேடு" என்பாள்.

போன ஆடியில் ஒரு காலை, உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அக்கம்பக்கத்தில் ஆளில்லை. இவர் எனக்குப் போன் போட்டார். பரவையிலிருந்து வண்டியில் வந்துசேர எனக்கு அரை மணி நேரம். அதுவரை வரப்பிலேயே நின்றிருக்கிறார். நான் உள்ளே ஓடினேன். நாலாவது பாத்தியில் கிடந்தாள். மாரடைப்பு. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

காரியம் முடியட்டும் என்று பொறுத்திருந்து கேட்டேன். "நாலு பாத்தி தூரம் மச்சான். செருப்பக் கழட்டிட்டுப் போக முடியலையா? செருப்போடதான் போனா என்ன, சாமி கோவிச்சுக்கிருமா?"

"கழட்டிக் கையில வச்சிருந்தேன் மாப்ள. அண்ணன் காலு ஞாபகம் வந்துருச்சு. ஒங்க அக்கா வந்துருவான்னு நின்னுட்டேன்."

அவரை அறைந்திருப்பேன். அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் மாதாமாதம் நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். வேறு யார் இருக்கிறார்கள்? போன வாரம் ரிசல்ட் எல்லாம் நார்மல். "இன்னும் பத்து வருசம் தாராளமா இருப்பீங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ ஒரே ஒரு தடவ என்னியக் கூப்பிட்டா மாப்ள. எனக்குக் கேட்டுச்சு. இத வச்சுக்கிட்டு நான் எப்படிப் பத்து வருசம் இருக்க?"